மான் கறி நூடுல்ஸில் என்ன சத்து? கேட்டவர்களுக்குப் பதில்

தருமபுரியில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி சர்க்கரை பற்றி, மீதி ரத்தசோகை பற்றி. போன வாரம் மட்டும் ஒரு தட்டின் படம் வந்தது. அதை வைத்தே மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

பாலக்கோட்டுத் தம்பி, இப்போது நியூசிலாந்தில்: அக்கா, இங்கே கடையிலேயே மான் கறி விற்கிறார்கள். முட்டை நூடுல்ஸோடு வதக்கி வாரம் 3 நாள் சாப்பிடுகிறேன். ஜிம்முக்கும் போகிறேன். இதில் என்ன சத்து இருக்கிறது? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொல்வது உங்கள் பாடு தம்பி, கணக்கு மட்டும் நான் சொல்கிறேன். அங்கே மானைப் பண்ணையில் வளர்க்கிறார்கள், ஆகவே சட்டச் சிக்கல் இல்லை. படத்தைப் பார்த்தால் 100 கிராம் கறி, 80 கிராம் காய்ந்த நூடுல்ஸ், 2 டீஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் முட்டைக்கோஸ், கேரட் இருக்கும்போல் தெரிகிறது. 100 கிராம் பச்சைக் கறியில் சுமார் 120 கலோரி, 23 கிராம் புரதம். கொழுப்பு இரண்டரை கிராம்கூட இல்லை. நூடுல்ஸ் 300 கலோரி கொடுக்கும், கூடவே 11 கிராம் புரதம். எண்ணெய்க்கு 80 கலோரி. எல்லாம் சேர்த்தால் தட்டு 540 கலோரி பக்கம், புரதம் 35 கிராம்.

நம் நாட்டுப் பரிந்துரைப்படி உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ ஆளுக்கு 54 கிராம். ஒரே தட்டில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. இரும்பு 3 மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். பி12 இரண்டு நாள் தேவைக்கும் மேலேயே இருக்கிறது. வாரம் 3 நாள் என்பதும் அதிகமில்லை. ஆடு, மாடு, மான் எதுவானாலும் வெந்த நிலையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். உங்கள் 300 கிராம் பச்சைக் கறி வெந்தால் இன்னும் சுருங்கிவிடும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. காய் பேருக்குக் கிடக்கிறது, நார்ச்சத்து எங்கிருந்து வரும்? இரண்டு கை அள்ளிப் போடுங்கள். அப்புறம் நூடுல்ஸில் ஊற்றுகிற அந்த சோயா சாஸ். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கே 2,000 தான் வரம்பு. நான் மானைப் பார்த்துப் பயப்படவில்லை, அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன்.

பென்னாகரத்திலிருந்து ஒருவர்: மேடம், இவ்வளவு சத்தா? நம்ம காட்டுப் பக்கமே கிடைக்கும் என்கிறார்களே, வாங்கலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது மட்டுமல்ல, கறியை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். புள்ளிமான், கடமான் எதற்கும் விலக்கு இல்லை. வழக்கு, சிறை என்று போகும். சத்துக்காகத்தான் என்றால் சந்தையில் தொங்குகிற வெள்ளாட்டில் இல்லாதது எதுவும் அதில் இல்லை. கொழுப்பு நீக்கிய வெள்ளாட்டுக் கறி 100 கிராமில் 110 கலோரி, 20 கிராம் புரதம், 2 கிராம் சொச்சம் கொழுப்பு. கிட்டத்தட்ட மான் கறிதான். செம்மறி என்றால் கொழுப்பு கூடும். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

கிருஷ்ணகிரி அம்மா ஒருவர்: என் பையனுக்கு 9 வயது. பாக்கெட் நூடுல்ஸைத் தவிர எதுவும் இறங்காது. அதிலேயே மட்டன் போட்டுக் கொடுத்தால் சத்தாகிவிடும்தானே?

கொஞ்சம் ஆகும். பாக்கெட் நூடுல்ஸ் பெரும்பாலும் மைதா, அதிலும் எண்ணெயில் பொரித்துக் காயவைத்தது. 70 கிராம் பாக்கெட்டில் 300 கலோரி இருந்தால் புரதம் 7 கிராம்தான் தேறும். 50 கிராம் கொத்துக்கறி போட்டால் இன்னொரு 10 கிராம் சேர்கிறது. லாபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மசாலாப் பொட்டலத்தில் பாதிக்கு மேல் போடாதீர்கள். உப்பில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. வீட்டு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், ஒரு தக்காளி போதும். தக்காளிக்கு நம் மாவட்டங்களில் பஞ்சமா? பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் விலை விழும்போது ரோட்டில் கொட்டுகிற ஊர் நாம்.

அடுத்த கட்டமாக ராகி சேமியாவுக்கு மாற்றிப் பாருங்கள். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், மைதா கிட்டவே வராது. ஆனால் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். பேர்தான் ராகி, உள்ளே பாதி கோதுமையோ மைதாவோ இருக்கும். முதல் நாளே பையன் சாப்பிடுவான் என்றும் எதிர்பார்க்காதீர்கள். என் மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவள்தான்.

ஓசூர், ஓய்வு பெற்றவர்: அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். மாப்பிள்ளையின் நண்பர் வேட்டைக்காரர், மான் கறி கொடுப்பாராம். எனக்கு யூரிக் ஆசிட் உண்டு. மகள் கர்ப்பமாக இருக்கிறாள்.

ஐயா, இரண்டு பேருக்குமே வேண்டாம் என்பேன். சிவப்புக் கறியில் பியூரின் உண்டு, அது உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும். அது கூடிக் கால் கட்டைவிரல் வீங்கி நொந்தவருக்கு அந்த விருந்து தேவையில்லை. மகளுக்குக் காரணம் வேறு. ஈயக் குண்டால் சுட்ட மானில், கண்ணுக்குத் தெரியாத ஈயத் துணுக்குகள் கறிக்குள் சிதறியிருக்கும். வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கெடுதல். சரியாக வேகாத கறியில் டாக்சோபிளாஸ்மா கிருமி ஆபத்தும் உண்டு. அமெரிக்க மான்களிடம் மூளையைப் பாதிக்கும் ஒரு நோய் பரவியிருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை, ஆனாலும் அந்த நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் அங்குள்ள சுகாதாரத் துறையே சொல்கிறது. மாப்பிள்ளையாவது பரிசோதித்த கறிதானா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.

அரூர் பெண்: அக்கா, எனக்கு ஹீமோகுளோபின் 8. மான் இல்லாமல் இரும்பை எப்படி ஏற்றுவது?

8 என்றால் சாப்பாடு மட்டும் போதாது கண்ணு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி மாத்திரை வாங்குங்கள். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். எந்தக் கறியும் தனியாக அதை எட்டாது. கறியிலுள்ள இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும், கீரையிலும் ராகியிலும் உள்ளதற்கு வைட்டமின் சி துணை வேண்டும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர்க்காரர்கள் நாம், தருமபுரியின் பழைய பெயர் அதுதான். அந்தக் கனியையே துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், களியோடு ஒரு நெல்லிக்காய் போதும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை விடுங்கள். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் இரும்பு தப்பிக்கும். நம் நிலத்தடி நீரில் ஏற்கெனவே ஃபுளோரைடு அதிகம், தேயிலையிலும் அது இருக்கிறது. டீயைக் குறைக்க அது இன்னொரு காரணம்.

காரிமங்கலம்: மான் கறி உடம்புக்குச் சூடா, குளிர்ச்சியா?

அதை அளக்க என்னிடம் தராசு இல்லை.

தேன்கனிக்கோட்டை: சர்க்கரை இருக்கிறது. நூடுல்ஸுக்குப் பதில் ராகி இடியாப்பம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

எவ்வளவு வேண்டுமானாலும் என்பதுதான் தப்பு. மாவாக அரைத்தால் ராகியும் சர்க்கரையை ஏற்றும். இரண்டு இடியாப்பம், அதே அளவு கறியோ கொண்டைக்கடலையோ, தட்டில் பாதி காய்.

மறுபடி பாலக்கோட்டுத் தம்பி: அக்கா, கறி ரப்பராகிவிடுகிறது. லீவில் ஊருக்கு வரும்போது ஆட்டுக்கறியில் இதையே செய்து காட்ட வேண்டும்.

கொழுப்பில்லாத கறி அப்படித்தான் செய்யும். கறியைக் கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்து இறுகவிட்டு, நாருக்குக் குறுக்கே மெல்லிய சீவலாக வெட்டுங்கள். சட்டி நன்றாகக் காய்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தனியே வையுங்கள். காயும் நூடுல்ஸும் வதங்கியபின் கடைசியில் சேர்த்துக் கிளறுங்கள். இங்கே வரும்போது கடைக்காரரிடம் இளங்குட்டியின் தொடைக்கறி, எலும்பு வேண்டாம் என்று சொல்லுங்கள். முற்றின ஆடென்றால் இந்த முறை ஆகாது, குக்கரில் நான்கு விசில் விட்டுத்தான் சட்டிக்குக் கொண்டுபோக வேண்டும்.