தாத்தாவின் கேப்புத் துப்பாக்கி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டில், கணப்படுப்புக்கு மேலே தாத்தா காலத்துக் கேப்புத் துப்பாக்கி (அடித்தால் வெடிக்கும் ‘கேப்’ என்ற சிறு உலோகத் தொப்பியை வைத்துச் சுடுவது) ஒன்று தொங்குகிறது. பக்கத் தகட்டில் கிரீடம், ‘வி.ஆர்.’ என்ற எழுத்து, ‘டவர்’ என்ற சொல், 1859 என்ற ஆண்டு எல்லாம் மங்கலாகத் தெரிகின்றன. இரும்பு முழுக்கத் துரு. கேப்பை அடிக்கும் குதிரை அசையவில்லை. குன்னூரில் ஒரு பட்டறைக்காரர் பஃப் அடித்து, நிக்கல் பூசி, கட்டைக்கு வார்னிஷ் போட்டு, குதிரையையும் வேலை செய்ய வைத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? நாங்களே செய்வதென்றால் எங்கே தொடங்குவது?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

கொடுக்காதீர்கள். பஃப் சக்கரம் முதலில் தின்பது நீங்கள் எழுதிய கிரீடத்தையும் ஆண்டையும்தான். அந்தத் தகட்டில் மேல்தோல் மட்டும்தான் கெட்டிப்படுத்தப்பட்டிருக்கும். அது போய்விட்டால் திரும்ப வராது. நிக்கல் இன்னும் மோசம். குழிகளில் தங்கிய துருவை மூடிவிடும், பிறகு அது அடியிலிருந்தே உப்பிப் பெயர்ந்து வரும்.

துருவுக்குப் போகுமுன் ஒரு சோதனை. குழலுக்குள் வெடிமருந்து இருக்கிறதா என்று பாருங்கள். வாய்வழியாக மருந்து கெட்டித்த துப்பாக்கிகளை அப்படியே சுவரில் மாட்டிவிடுவது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். ஈரம் படாத கரிமருந்துக்கு வயதே கிடையாது. குழலைவிட நீளமான மரக்குச்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குழல்வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ கொண்டுபோகாமல், பக்கத்தில் நின்று, குச்சியை முட்டும்வரை மெதுவாக உள்ளே விடுங்கள். இடிக்க வேண்டாம். வாயருகே பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து, அந்தக் கோடு வாயோடு சேரும்படி குழலுக்கு வெளியே ஒட்டிவைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி கேப் பொருத்தும் குமிழான நிப்பிளின் அடிவரை வர வேண்டும். இரண்டு மூன்று விரல் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. குளவிக்கூடாகவும் இருக்கலாம், குண்டும் மருந்துமாகவும் இருக்கலாம். மருந்து என்றே வைத்துக்கொண்டு, தோண்டாமல் அப்படியே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது சட்டம். ‘வேலை செய்ய வைப்பது’ என்ற பேச்சு இங்கேதான் இடிக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழங்கால ஆயுதங்களுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத நிலையில் இருப்பதற்குத்தான் அந்த விலக்கு. பழசு என்பது மட்டும் போதாது. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைத் தொழிலாகப் பழுதுபார்ப்பதும் கூடாது. ஆகவே அந்தப் பட்டறைக்காரர் உங்களோடு சேர்ந்து மாட்டிக்கொள்வார். தாத்தா பெயரில் உரிமம் இருந்ததா என்று பழைய காகிதங்களில் தேடுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் உதகையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிய பிறகு கை வையுங்கள்.

இனி, கையில் இருப்பது என்ன? நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பிரிட்டிஷ் ராணுவத்தின் 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிக் குடும்பத்தைக் காட்டுகின்றன. அசல் 1853இன் துளை 0.577 அங்குலம், அதாவது 14.7 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உள்ளே, குண்டைச் சுழற்றிக் குறி தப்பாமல் அனுப்பும் மூன்று மரைக்காடிகள் இருக்கும். குழல் 39 அங்குலம், மொத்த நீளம் 55 அங்குலம். 1857 கலகத்துக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்குத் தொலைவில் குறி தப்பாத துப்பாக்கியைக் கொடுக்கக் கும்பெனிக்கும் பிறகு அரசுக்கும் மனம் வரவில்லை. வெளியே அதே தோற்றம், உள்ளே மரை இல்லாத வழவழப்பான 0.65 அங்குலக் குழல் என்று ஒரு வகையைச் செய்தார்கள். உங்களுடையதில் ஆண்டு 1859 என்பதால் அதுவாகவும் இருக்கலாம். டார்ச் அடித்துக் காடி தெரிகிறதா பாருங்கள், வெர்னியர் காலிப்பரால் வாயை அளந்துவிடுங்கள். சந்தையில் போலிகளும் நிறைய உண்டு. கிரீடம் கோணலாகவும் எழுத்து ஆழம் ஒழுங்கில்லாமலும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கழற்றுவதில்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. ஆப்புபோல் சரிந்த முனையுள்ள சாதாரணத் திருப்புளி, திருகின் காடியிலிருந்து எகிறிப் பக்கத்தைக் கீறும். திருப்புளி முனையை இரு பக்கமும் இணையாக அரம் போட்டுக் காடிக்குள் இறுக்கமாக உட்காரும்படி செய்துகொள்ளுங்கள். திருகைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். குதிரையும் வில்லும் பொருந்திய பக்கத் தகட்டு அமைப்பான லாக்கைப் பிடிக்கும் திருகுகள் இரண்டு, எதிர்ப்பக்கத்தில் இருக்கும். முழுக்கக் கழற்றாமல் சில சுற்றுகள் தளர்த்தி, அவற்றின் தலையில் திருப்புளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டினால் லாக் சமமாக வெளியே வரும். நெம்பினால் வால்நட் கட்டை விளிம்போடு பிளந்துவிடும். லாக்கின் உள்ளே இருக்கும் வில்லைத் தொடவே வேண்டாம். அதைக் கழற்றத் தனி இடுக்கி வேண்டும். இல்லாமல் முயன்றால் வில் ஒடியும், விரலும் போகும். குழலையும் கட்டையையும் பிரிக்க வேண்டிய அவசியமில்லை.

சிவந்து பொடியாக உதிர்வதுதான் தின்றுகொண்டிருக்கும் துரு. கரும்பழுப்பாக இறுகியிருப்பது காப்பு, அதை விட்டுவிடுங்கள். தையல் மெஷின் எண்ணெயை ஒரு நாள் ஊறவிட்டு, பழைய காலணாச் செம்புக்காசின் விளிம்பால் சுரண்டுங்கள். செம்பு இரும்பைவிட மெத்து, கீறாது. இப்போதைய ரூபாய்க் காசு எஃகு, கீறும். மிச்சத்துக்கு நாலு பூஜ்யம் (0000) என்ற மிக நைசான ஸ்டீல் வூல், எண்ணெயோடு மட்டும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் கூடாது. நிப்பிளைச் சுற்றிக் குழி அதிகம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கேப்பில் இருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்தபின் உப்பாகிறது. அந்த உப்புக் காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். மருந்து இல்லை என்பது உறுதியான பிறகு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அந்த இடத்தைக் கட்டையில் படாமல் துடைத்து, உடனே உலர்த்தி எண்ணெய் போடுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நம் குளிரில் அது உறைந்துவிடும், பிறகு காறிப்போய் அமிலமாகும். நீலகிரித் தைலம் பழைய பிசுக்கை நன்றாக இளக்கும், இரும்பில் மட்டும். கட்டையில் பட்டால் பழைய மெருகையும் கூடவே கொண்டுபோய்விடும்.

கட்டைக்கு வார்னிஷும் உப்புத்தாளும் வேண்டாம். சிப்பாய் கைபட்டுக் கறுத்த மேல்தோல்தான் அதன் மதிப்பு. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் சில துளிகள் மட்டும் எடுத்துத் தேயுங்கள், அதிகமானால் துடைத்துவிடுங்கள். பச்சை ஆளிவிதை எண்ணெய் கோத்தகிரி ஈரத்தில் வாரக்கணக்கில் காயாது, பூசணம் பிடிக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து எறியுங்கள். பித்தளைப் பாகங்களுக்குப் பாலிஷ் போடாமல் விடுவதே மேல்.

முடித்தபின் இரும்புக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு (பழம்பொருள்களைக் காக்கப் பூசும் மெழுகு), மெல்லிய ஒரு பூச்சு. இடத்தை மட்டும் மாற்றுங்கள். கணப்படுப்பின் மேல் இரவில் வறட்சி, காலையில் மூடுபனியின் ஈரம் என்று மாறி மாறி வந்து கட்டை வெடிக்கும். வெளிச்சுவரும் ஆகாது. உட்சுவரில், கொக்கிகளுக்குப் பாலித்தீன் ஃபோம் சுற்றி மாட்டுங்கள். தோல் பட்டை வேண்டாம், தோலின் அமிலம் பித்தளையில் பச்சைப் பிசினாக வரும். உங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையில்தான் அடைமழை என்பதால் புரட்டாசியில் ஒருமுறையும் தை பிறந்ததும் ஒருமுறையும் மெழுகைப் பார்த்துக்கொண்டால் போதும்.