நாய்க்குச் சர்க்கரை நோய்: தினமும் ஊசி போட்டுச் சமாளிக்க முடியுமா?

எட்டு வயது நாய்க்கு இனி தினமும் இன்சுலின் போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார், நம்மால் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆகும். ஊசியை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சுலபமான வேலை. தோலை லேசாகத் தூக்கிப் பிடித்து, அந்த மடிப்பில் குத்தினால் பல நாய்கள் திரும்பிக்கூடப் பார்க்காது.

கஷ்டம் நேரம் தவறாமல் இருப்பதில்தான். பெரும்பாலும் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை, சாப்பிட்ட பிறகு ஊசி. சாப்பிடாத நாய்க்கு வழக்கமான அளவைப் போட்டுவிடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். சர்க்கரை சட்டென்று இறங்கினால் நாய் தள்ளாடும், நடுங்கும், வலிப்புகூட வரலாம். உடனே ஈறில் கொஞ்சம் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஓர் இனிப்பூட்டி) கலந்த இனிப்பு மட்டும் கூடவே கூடாது, நாய்க்கு அது விஷம்.

சிரிஞ்சிலும் கவனம் வேண்டும். விலங்குகளுக்கான சில இன்சுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். மனிதர்களுக்கானதில் பெரும்பாலும் 100. சிரிஞ்சில் உள்ள கோடுகளும் அந்தந்த மருந்துக்கு ஏற்பத்தான் இருக்கும், சிரிஞ்ச் மாறினால் அளவே தப்பாகிவிடும். மருந்தைக் குளிர்பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள்.

அப்புறம், கண். சர்க்கரை நோய் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்புரை வரும். அறுவை சிகிச்சை உண்டு. பார்வை மங்கினாலும் மோப்பத்தை வைத்தே வீட்டுக்குள் நன்றாக நடமாடும். மேசை நாற்காலியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் மட்டும் இடம் மாற்றாதீர்கள்.