நியூராலஜிஸ்ட் (நரம்பியல் மருத்துவர்) ஆனால் சொந்த வாழ்க்கை மிஞ்சுமா? பிறகு ஏன் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. 3, அதற்கும் மேலான சிறப்புப் படிப்பு டி.எம். நரம்பியல் 3. நடுவே நுழைவுத் தேர்வுகள். முப்பதைத் தாண்டித்தான் சொந்தக் காலில் நிற்க முடியும்; கல்யாணம், குழந்தை எல்லாம் படிப்புக்கு நடுவிலேயே வந்துவிடும்.

வீட்டைப் படுத்துவது ஸ்ட்ரோக் (பக்கவாதம்) அழைப்புதான். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்தை வழக்கமாக பாதிப்பு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்தால் முதல் கேள்வி, "கடைசியா எப்போ நல்லா இருந்தார்?" தூங்கி எழும்போது கை விழுந்திருந்தால் கணக்கு எழுந்த நேரமல்ல, நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரம். உறவினர்கள் குழம்புவது இங்கேதான். அடுத்து பார்ப்பது ரத்தச் சர்க்கரை (அது குறைந்தாலும் பக்கவாதம் போலவே தெரியும்), மூளையில் ரத்தக்கசிவு இல்லையென்று காட்டும் சி.டி. ஸ்கேன்; ரத்த அழுத்தமும் 185/110-க்குக் கீழே இருக்க வேண்டும்.

ஈர்ப்பு எது? என் கணிப்பில், துப்பறியும் சுகம். வாய் கோணி வந்தவரை நெற்றியைச் சுருக்கச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் சுருங்கினால் கோளாறு பெரும்பாலும் மூளையில். பலவீனமான பக்கம் சுருங்காவிட்டால் முகநரம்பில். ஸ்கேனுக்கு முன்பே பாதி விடை கையில். 'நியூராலஜிஸ்ட் கண்டுபிடிப்பார், குணப்படுத்த மாட்டார்' என்ற பழைய கேலியும் இப்போது அவ்வளவாக எடுபடுவதில்லை.

தூக்கம் முக்கியமென்றால் தலைவலி, பார்கின்சன் (நடுக்குவாதம்) பக்கம் போகலாம். அங்கே பெரும்பாலும் பகல் வேலைதான்.