மஞ்சப்பையில் பதினைந்து ஆண்டுகள்

கேள்வி: என் மாமனாருக்கு வயது 71. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. கோபியில் குடும்ப மருத்துவர், ஈரோட்டில் கண் மருத்துவர், கோவையில் இதய மருத்துவர் என்று பார்க்கிறோம்; சீட்டுகள் எல்லாம் ஒரே மஞ்சப்பையில் கிடக்கின்றன. சென்ற மாதம் கோவையில் பழைய இ.சி.ஜி.யைக் கேட்டபோது எடுத்துப் பார்த்தால், கோடுகள் மங்கி வெறுந்தாளாக இருந்தது. ஆபா (ABHA) என்னும் மின்னணு உடல்நலக் கணக்கு எண் எடுத்துவிட்டால் தாள்களே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இ.சி.ஜி. பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாகிறது. வெளிச்சத்திலும் சூட்டிலும் அது மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்தால், அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துப்போகும். எடுத்த அன்றே நகலெடுத்துவிடுங்கள்.

ஆபா என்பது, மருத்துவப் பதிவுகளை மின்னணு முறையில் இணைக்க 2021இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட திட்டத்தின் 14 இலக்க எண். விருப்பமிருந்தால் பெறலாம், ஆனால் எண் வாங்கியதும் பையிலுள்ள சீட்டுகள் தாமாக அதில் ஏறிவிடமாட்டா. இணைந்துள்ள மருத்துவமனைகளின் பதிவுகளே உங்கள் ஒப்புதலோடு வந்து சேரும். பழையவற்றை நீங்கள்தான் படமெடுத்து ஏற்ற வேண்டும்.

ஆகவே பையை முதலில் தேதி வாரியாக அடுக்குங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.4 என்ற ஓர் அளவை மட்டும் பார்க்கும் மருத்துவருக்கு, அது ஐந்தாண்டுகளாக அங்கேயே நிற்கிறதா, ஓராண்டுக்குள் 0.9இலிருந்து ஏறியதா என்பது தெரியாது. இரண்டுக்கும் பொருள் வேறு. டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை சிகிச்சைக் குறிப்பு, ஸ்கேன் அறிக்கை ஆகியவற்றை ஒருபோதும் கழிக்காதீர்கள். மருந்துக்கடை ரசீதுகளைக் காப்பீட்டுக்குத் தேவைப்படாவிட்டால் தாராளமாகக் கழிக்கலாம். பாதிப் பை அதிலேயே காலியாகும்.

உள்நோயாளியாக இருந்தபோது எழுதிய பதிவுகள் கைவசம் இல்லையென்றால் இப்போதே எழுத்தில் கேளுங்கள். அவற்றை மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி.

எல்லாவற்றையும்விட, ஒரே பக்கத்தில் மருந்துகளின் பட்டியல் அவசியம். மூன்று மருத்துவர்கள் பார்க்கும்போது, ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இரட்டிப்பாகிவிட வாய்ப்புண்டு. எனவே மாத்திரை அட்டையிலுள்ள கம்பெனிப் பெயரோடு, அதிலேயே அச்சிட்டிருக்கும் மூலப்பெயரையும் (மருந்துப்பொருளின் பெயர்) அளவையும் குறியுங்கள். ஒவ்வாத மருந்து இருந்தால் அது முதல் வரியில் வரட்டும். இந்தப் பக்கம் உங்கள் கைப்பேசியில் மட்டும் இருந்தால் போதாது. நடுச்சாமத்தில் அவரை வண்டியில் ஏற்றிச் செல்பவர் பக்கத்துத் தோட்டத்துக்காரராகவும் இருக்கலாம் என்பதால், ஒரு நகலை மாமனாரின் சட்டைப்பையிலும் வைத்துவிடுங்கள்.