போலிச் சாமியாரும் நின்றுபோன குடியும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

முக்கூடலிலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். பதினைந்து வருடம் குடித்தவன் நான். என் மனைவி பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தாள். 2013-இல் நண்பர் ஒருவர் என்னை ஒரு சாமியாரிடம் அழைத்துப்போனார். அவர் என்னைத் திட்டவில்லை. "விடியுமுன் ஆற்றில் குளி. சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை வாசலைத் தாண்டாதே" என்றார். முதல் வாரமே கை நடுங்கி, வலிப்பு வந்து, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீடு திரும்பியபின் சாயங்காலத்தில் சும்மா இருக்க முடியாமல் மனைவிக்குப் பீடி இலை வெட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து குடிக்கவில்லை.

இப்போது அந்தச் சாமியார் கைதாகியிருக்கிறார். ஆசிரமத்தில் தங்கியிருந்த இரண்டு பெண்கள் கொடுத்த புகார். ஆசிரமத்தார் ஒரு கூட்டம் போடுகிறார்கள். நான் மேடையேறிப் பேச வேண்டுமாம். "உன்னைவிடப் பெரிய சாட்சி யார்?" என்கிறார்கள். 'குருடும் குருடும் குழிவிழுமாறே' என்றார் திருமூலர். நான் குழியில் விழவில்லையே, கரையேறிவிட்டேனே. அவர் போலி என்றால் என் மாற்றமும் போலியா? பூஜை அறையில் அவர் படம் இருக்கிறது. அதை என்ன செய்வது?

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மாற்றம் போலியில்லை. கடிதத்தில் உங்களை அதிகம் வதைப்பது இந்தக் கேள்விதான் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு மேல் நீங்கள் குடிக்கவில்லை. எவர் கைதானாலும் அந்த வருடங்களை உங்களிடமிருந்து பிடுங்க முடியாது.

ஆனால் அந்த மாற்றம் எப்படி நடந்தது என்று நீங்களே எழுதியிருப்பதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நெடுநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அந்த வாரம் உங்களைப் பிழைக்கவைத்தது அரசு ஆஸ்பத்திரி. தாமிரபரணியில் விடியற்காலைக் குளியல் இந்தச் சாமியாருக்கு எத்தனையோ தலைமுறை முந்தியது. பாபநாசம் தொடங்கி ஆறு போகும் வழியெல்லாம் பாட்டிமார் சொல்லி வளர்த்தது. சாயங்காலத்தை நிரப்பியதோ பீடித் தட்டு. நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைத்த இலையை எடுத்து, நரம்பு பார்த்து, தகர அளவை மேலே வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். நடுங்குகிற கைக்கு அது எளிதில் வராது. தொடக்கத்தில் எத்தனை இலையைப் பாழாக்கியிருப்பீர்கள்! இலை குறைந்தால் பீடிக் கடையில் கூலியில் பிடிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நஷ்டத்தை யார் தாங்கியது?

சாமியார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஊரே உங்களைக் கண்டு முகம் சுளித்த காலத்தில், திட்டாமல் இரண்டு வார்த்தை சொன்னார். அது சிறிய காரியமில்லை. நடத்தை கெட்டவர் வாயிலிருந்தும் நல்ல சொல் வரும். கேட்டவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் அது பலன் தரும். அப்படிப் பலன் தந்ததை வைத்துக்கொண்டு, சொன்னவருடைய மற்ற காரியங்களுக்கு நற்சான்று எழுதக் கூடாது. நீங்கள் குழியில் விழவில்லை, சரி. விழுந்தவர்களை எந்த ஆசிரமமும் மேடையேற்றிப் பேசச் சொல்வதில்லை.

விராலிமலையில் ஆசிரமம் நடத்திய சாமியார் பிரேமானந்தாவை நினைத்துப் பாருங்கள். பாலியல் வன்கொடுமைக்கும் கொலைக்குமாக 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் வரை அது நிலைத்தது. அவரால் மன அமைதி பெற்றோம் என்று சொன்ன பக்தர்கள் வெளிநாடுகளிலும் இருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்த அமைதி உண்மை. ஆசிரமத்தில் அடைக்கலமாக வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு நடந்ததும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மூடலாம் என்று நினைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கூட்டத்தில் யாராவது மெய்ப்பொருள் நாயனார் கதையை எடுப்பார்கள், பாருங்கள். பகைவனான முத்தநாதன் திருநீறு பூசி, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்து, வணங்கிய மன்னர் மெய்ப்பொருளாரைக் குத்தினான். வாளோடு பாய்ந்த காவலன் தத்தனை மன்னர் தடுத்தார். நம்மவர் என்று சொல்லி, முத்தநாதனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடச் செய்தார். வேடத்தைக் குறை சொல்லாதே என்பதற்கு இந்தக் கதையைக் காட்டுவார்கள். எனக்கு உயிரான கதை இது. மன்னர் பொறுத்தது தன் உடம்பில் இறங்கிய கத்தியை. குடிமக்களில் ஒரு பெண்ணை அவன் குத்தியிருந்து, அதை மன்னர் பொறுத்தருளியிருந்தால், சேக்கிழார் அவரைப் பாடியிருப்பாரா? அந்த இரண்டு பெண்களுக்காகப் பொறுத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

ஆகவே மேடைக்குப் போகாதீர்கள். வழக்கில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. அவர் குற்றவாளி என்று நீங்களும் நானும் முடிவுகட்ட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் மேடையில் நின்றால், உங்கள் பத்து வருடப் பாடு முழுவதும் அந்தப் பெண்களை வாயடைக்கப் பயன்படும். நன்றி சொல்லியே ஆக வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், குடியை விட முடியாமல் தவிக்கும் ஒருவனைத் தேடிப்போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் வாரம் ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

படத்தைப் பற்றி நான் சொல்வதைவிட உங்கள் வீட்டம்மாவைக் கேட்பதே முறை. இவ்வளவு நீளமான கடிதத்தில், இந்தச் செய்தி வந்தபின் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி