கேள்வி பதில்: வட்டியை யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வி: ரிசர்வ் வங்கி அரசு வங்கிதானே? அப்புறம் வட்டியை முடிவு செய்ய எதற்குத் தனிக் குழு?

பதில்: பிறக்கும்போது அது அரசு வங்கியே இல்லை. 1935 ஏப்ரல் 1 அன்று தனியார் பங்குதாரர்களோடு கல்கத்தாவில் தொடங்கியது. 1949 ஜனவரி 1-ல்தான் அரசுடைமை ஆனது.

சரி, குழுவுக்கு வருவோம். தேர்தல் நெருங்கினால் எந்த அரசுக்கும் குறைந்த வட்டிதான் பிடிக்கும். விலைவாசி ஏறுவது பிறகுதானே தெரியும்! அதனால்தான் 2016-ல் ஆறு பேர் குழு வந்தது. மூவர் வங்கியின் தரப்பு, மூவர் அரசு நியமிப்பவர்கள். வாக்கு சரிசமமானால் வங்கியின் கவர்னருக்கு இன்னொரு வாக்கு உண்டு. இலக்கு 4 சதவீதப் பணவீக்கம், அதாவது விலைவாசி ஆண்டுக்கு ஏறும் வேகம். 2 சதவீதம் கூடலாம், குறையலாம். தொடர்ந்து மூன்று காலாண்டுகள் அந்த எல்லையைத் தாண்டினால் அரசுக்கு விளக்கம் எழுத வேண்டும். 2022-ல் அப்படி எழுதவும் செய்தார்கள். ஆனால் அந்தக் கடிதத்தை அப்போது வெளியிடவில்லை. விலை கொடுப்பது நாம், விளக்கம் மட்டும் டெல்லிக்கா?