முளைத்தது பட்டாணியா, தட்டைப்பயறா?

கேள்வி: ஆலங்குடி பக்கம் 50 சென்ட், போர் தண்ணீர் உண்டு. கடையில் பட்டாணி விதை கேட்டு வாங்கிப் புரட்டாசியில் விதைத்தேன். பையில் இங்கிலீஷில் 'கௌபி' என்று இருக்கிறது. 12 நாள் பயிர், படம் அனுப்பியிருக்கிறேன். கொடி ஏறக் குச்சி நடலாமா? யூரியா எவ்வளவு போடலாம்?

பதில்: வணக்கம். குச்சிக்கும் யூரியாவுக்கும் செலவு செய்ய வேண்டாம். உங்கள் வயலில் நிற்பது தட்டைப்பயறு. காராமணி என்றும் சொல்வோம்.

படத்தில் அடியில் எதிரெதிராக இரண்டு தனி இலை, அதற்கு மேல் மூன்று இலை சேர்ந்த ஒரு கொத்து தெரிகிறது. பட்டாணி என்றால் இலைக்காம்பின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக நீளும். முளைக்கும்போதும் வித்தியாசம் உண்டு. தட்டைப்பயறில் பருப்பு இரண்டாகப் பிளந்து மண்ணுக்கு மேலே வரும். பட்டாணியில் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

குழப்பம் அந்த 'பி'யில்தான். இங்கிலீஷில் பல பயிர்களின் பெயர் அதில் முடியும். கௌபி தட்டைப்பயறு, பிஜியன் பி துவரை, சிக் பி கொண்டைக்கடலை. ஸ்வீட் பி என்பது அழகுக்கு வளர்க்கும் பூச்செடி. காய் பட்டாணிபோலவே இருக்கும், ஆனால் விதை விஷம். குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாது. நாம் பட்டாணி என்பதைப் பையில் கார்டன் பி அல்லது பீஸ் என்று போட்டிருப்பார்கள்.

ஏமாந்துவிட்டோம் என்று வருத்தப்படாதீர்கள். பட்டாணி குளிர் கேட்கும் பயிர்; நம் மாநிலத்தில் ஊட்டி, கொடைக்கானல் மலைகளில்தான் நன்றாக வரும். வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். உங்கள் மண்ணுக்குத் தட்டைப்பயறே பொருத்தம். பக்கத்திலேயே வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அடுத்த முறை விதைக்கு அங்கே கேட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. 15, 30ஆம் நாட்களில் களை எடுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் கொடி ஓடும், காய் குறையும். தழைச்சத்தை வேரில் உருண்டையாக இருக்கும் சிறு முடிச்சுகளே கொடுக்கும். 30ஆம் நாள் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். பூக்கும்போது 2 கிலோ டிஏபி உரத்தை 10 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, தெளிவை வடித்து, 100 லிட்டராக்கி மாலையில் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு முறை.

கொழுந்தில் எறும்பு ஊர்ந்தால் உடனே இலையைத் திருப்பிப் பாருங்கள், சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சி இருக்கும். ஆரம்பத்திலேயே 5 சதம் வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தால் அடங்கும். ஐப்பசி மழை வருகிறது, வடிகால் வாய்க்காலை இந்த வாரமே வெட்டிவிடுங்கள்.

அப்புறம், பையைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள ரகத்தின் பெயரை எழுதி அனுப்பினால் அறுவடை நாளைச் சொல்கிறேன்.